பெட்டி இழைத்து வாழ முடியுமா என்று கேட்ட பிள்ளைக்கு

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் கேட்டிருக்கிறார். கல்லடியில் உள்ள பல்கலைக்கழக நிறுவகத்தில் ஓவியம் முதலான கட்புலக் கலை படித்து முடித்து மூன்று வருடமாம், அரச நியமனம் கிடைக்கவில்லையாம். அம்மா பனையோலைப் பெட்டி இழைப்பவர். அதையே கையில் எடுத்து, படித்ததையும் சேர்த்துச் செய்தால் அதை வைத்து வாழ முடியுமா, அப்படிச் செய்தால் சனம் தன்னைக் கலைஞர் என்று சொல்லுமா, கைவேலைக்காரி என்று சொல்லுமா என்பது கேள்வி. பார்க்க இரண்டு கேள்வி போல இருக்கிறது. எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. "என்ட நேரத்துக்கு ஒரு விலை இருக்கா?" என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள் மகள்.

முதலில் நான் எதை வைத்துக் கதைக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் ஓலைக்காரி. என் அம்மாவும் ஓலைக்காரி. இருபத்து நான்கு வருடம் கைப்பணிப் போதனாசிரியையாக வேலை பார்த்தேன். வாகரையில் இருந்து பொத்துவில் வரைக்கும் பஸ்ஸில் போய் வந்த காலம் அது. பனையோலையும், பாய் இழைக்கிற பன் என்ற குளத்துப் புல்லும் கைக்குத் தெரிந்தவை, அவற்றைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். தறியைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், உட்கார்ந்து நெய்ததில்லை. ஓவியத்தில் நான் வெறும் பார்வையாளர். இணையத்தில் விற்பது என் மாணவிகள் செய்யக் கண்டதுதான். ஆகவே பின்னால் நான் சொல்லப் போகிறவற்றை இதே வரிசையில் நம்புங்கள்.

2015இல் ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பதினொரு பெண்கள். மூடி வைத்த நடுத்தரப் பெட்டி ஒன்று செய்ய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டேன். எல்லோரும் "ரெண்டு பின்னேரம் மிஸ்" என்றார்கள். சரி, மணிக்கூட்டைப் பார்த்து எழுதுங்கள் என்று ஆளுக்கொரு கொப்பியைக் கொடுத்தேன். காய்ந்த குருத்தோலையில் ஈர்க்குக் கிழிப்பது ஒரு மணித்தியாலம். சாயத்தண்ணீர் கொதிக்க வைத்து, உப்புப் போட்டு, ஓலையை முக்கிப் புரட்டி, நிழலில் விரிப்பது ஒன்றரை. ஒரே அகலத்தில் வார்வது ஒன்று. அடி போட்டு, மூலை மடக்கி, சுவர் எழுப்புவது நான்கு. மூடி இரண்டு. விளிம்பைத் தைத்துப் பொத்துவது ஒன்றரை. கூட்டினால் பதினொரு மணித்தியாலம். ஓலை இரவுப் பனியில் கிடந்து பதமாகிற நேரத்தை இதில் சேர்க்கவில்லை, அது தன்பாட்டில் நடக்கிற வேலை.

அந்தப் பெட்டி அப்போது 350 ரூபாய்க்குப் போனது. ஓலையும் சாயமும் 90 ரூபாய். மிச்சம் 260. பதினொன்றால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 24 ரூபாய்கூட இல்லை. கடையில் ஒரு பிளேன்ரீக்கும் வடைக்கும் போதாது. வகுப்பு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது. அப்புறம் பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா, "இதென்ன மிஸ், சும்மா இருக்கிற நேரத்தில செய்யிறதுதானே" என்றார். நான் அவருடைய கொப்பியை வாங்கிப் பார்த்தேன். ஈர்க்குக் கிழிக்கிற ஒரு மணித்தியாலம் மூன்று துண்டாக இருந்தது. நடுவில் மாமியாருக்குக் கஞ்சி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டி வந்தது, மாடு வளவுக்குள் பூந்து துரத்தியது. சும்மா இருந்த நேரம் என்று அந்தக் கொப்பியில் ஒரு வரியும் இல்லை.

இங்கே பெண்கள் கையால் செய்கிற எதையும் கேளுங்கள், கதை இதுதான். அம்பாறை மாவட்டக் கரையோரம் மருதமுனை கைத்தறிக்குப் பெயர் போன ஊர். சாரமும் சாறியும் அங்கே இருந்து நாடு முழுக்கப் போகும். தறியில் இருப்பவர் கூலி வாங்குவார், முழத்துக்கோ துண்டுக்கோ கணக்கு உண்டு. ஆனால் தறி ஓட வேண்டுமென்றால் அதற்கு முன் குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தார்க் குச்சியில் சுற்றிவைக்க வேண்டும், நெடுக்கே போகும் பாவு நூலை இழை அறாமல் ஓட்டிக் கட்ட வேண்டும். நான் போன வீடுகளில் சுற்றுகிற வேலையை மனைவியும் மகளும்தான் செய்தார்கள், அதற்குத் தனிக்கூலி எழுதிய ஒரு கொப்பியையும் நான் காணவில்லை. பருத்தி நூலுக்கு நாம் பெரும்பாலும் இந்தியாவை நம்பி இருப்பதால், 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரைக்கும் ஏறியபோது நூலும் சாயமும் விலை ஏறின. சாரத்தின் விலையை அந்த அளவுக்கு ஏற்ற முடியவில்லை. இடையில் நசுங்கியது யாருடைய கூலி என்று பார்த்தால், முதலில் கணக்கில் இல்லாத கூலிதான் நசுங்கும். தறியைப் பற்றி இதற்கு மேல் நான் சொன்னால் நெய்கிறவர்கள் சிரிப்பார்கள்.

ஒரு விஷயத்தில் நம் பக்கத்துப் பெண்களுக்கு வேறு பல இடங்களில் இல்லாத வசதி இருக்கிறது. அதை நாமே பெரிதாக எடுப்பதில்லை. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழரோ முஸ்லிம்களோ, வீடு பெண்ணுக்குத்தான் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். குடி என்கிற வம்சப் பிரிவும் தாய்வழியில் போகிறது. ஆகவே பெட்டி இழைக்கிற விறாந்தை பெரும்பாலும் இழைக்கிறவளின் சொந்த விறாந்தை. அக்காவும் தங்கச்சியும் ஒரே வளவில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருப்பதால், ஒருத்தி அடி போட மற்றவள் பொத்தலாம், ஒருத்தி சந்தைக்குப் போக மற்றவள் பிள்ளைகளைப் பார்க்கலாம். வெளியூரில் இருந்து வந்து சுயதொழில் வகுப்பு எடுக்கிறவர்கள் இதைக் காண்பதேயில்லை. பத்துக் குடும்பத்தில் ஆளுக்கொருவரைக் கூட்டி 'குழு' அமைப்பார்கள், ஆறு மாதத்தில் அது உடையும். ஒரு வளவின் சகோதரிகள் சேர்ந்து செய்த வேலை இருபது வருடம் நிலைத்ததை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்குத் தங்கச்சி இருந்தால் முதல் பங்காளி அவர்தான்.

இனிக் கலைஞரா கைவேலைக்காரியா என்ற பகுதி. நம் பக்கத்தில் கலை என்றால் சனத்துக்கு முதலில் வருவது கூத்து. வடமோடி, தென்மோடி என்ற அதன் இரண்டு வகையிலும் பழைய முறையில் பெண் பாத்திரத்தையும் ஆண்தான் ஆடினார். கூத்தைப் பழக்குகிற அண்ணாவியாரின் பெயர் தலைமுறை தாண்டியும் ஊரில் நிற்கும். பெண்கள் பாடிய தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும், வயல் வெளியிலும் வீட்டுக்குள்ளும் பிறந்த கவிக்கும் பாடினவரின் பெயர் இல்லை. சாய்ந்தமருதுக் கவிஞர் அனார் கிழக்கின் நாட்டார் காதல் பாடல்களைத் தேடித் தொகுத்திருக்கிறார். அதைப் படிக்கையில் இந்த வரியைக் கட்டினவள் யாரோ என்ற நினைப்பு என்னை விடுவதேயில்லை. பெட்டியும் அப்படித்தான். அம்மியைப் போல, சுளகைப் போல, பெயரில்லாமல் வீட்டில் கிடக்கும்.

ஆனால் பெயர் இல்லை என்பதற்காக ஆள் தெரியாது என்று நினைக்க வேண்டாம். என் அம்மா காலமாகி நாலு வருடத்துக்குப் பிறகு ஒரு செத்த வீட்டுக்குப் போயிருந்தேன், வாவிக்கு மேற்கே படுவான்கரையில். வெற்றிலை வைத்த பெட்டி ஒன்று கை மாறி மாறி என்னிடம் வந்தது. சாயம் வெளிறி, மூடி போயிருந்தது. மூலையைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு பக்கென்றது. சாதாரணமாக மூலையில் இரண்டு ஓலையை மடக்கித் திருப்புவோம். அம்மா மூன்றாவதையும் உள்ளுக்குள் செருகுவார், அந்த இடம் நெல்லுமணி அளவுக்குப் புடைத்து நிற்கும். "பெட்டி கெதியா வாய் விரிக்காது" என்பார். வீட்டுக்காரரிடம் கேட்டேன். களுதாவளைக் கோயில் திருவிழாவில் எப்போதோ வாங்கியதாம், யாரிடம் என்று தெரியாதாம். எனக்குத் தெரியும். கையெழுத்து என்பது இதுதானே. நீங்கள் பல்கலைக்கழகத்தில் படித்த எத்தனையோ ஓவியர்களை அவர்களுடைய கோட்டை வைத்து அடையாளம் பிடிப்பீர்கள், இல்லையா?

ஆகவே அந்தப் பெயர்ச்சண்டைக்கு என் பதில்: இரண்டும் நீங்கள்தான், ஆனால் கலைஞர் என்ற பெயர் தன்பாட்டில் வராது. மட்டக்களப்பில் நீண்ட காலமாக ஓவியத்தையும் பெண்களோடு செய்கிற வேலையையும் பிரிக்காமல் நடத்தி வருகிற ஓவியர் கமலா வாசுகியைப் பாருங்கள். சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் பாட்டையும் நாடகத்தையும் பெண்களின் பிரச்சினை பேசுகிற வழியாக ஆக்கியதைப் பாருங்கள். யாரும் வந்து பட்டம் சூட்டுகிற வரைக்கும் இவர்கள் காத்திருக்கவில்லை. உங்கள் பெட்டியில் உங்கள் பெயரையும் அம்மாவின் பெயரையும் ஊரையும் எழுதிய சின்ன அட்டையைக் கட்டுங்கள். கட்டினாலும் ஒன்று நடக்கும், முன்கூட்டிச் சொல்லி வைக்கிறேன். என்னிடம் கூடை வாங்கின ஒரு கடைக்காரர், கடை எது என்று சொல்லப்போவதில்லை, என் அட்டையைக் கழற்றிவிட்டுத் தன் கடைப் பெயரை ஒட்டினார். கேட்டால் "உங்கட பேரை ஆருக்கு அக்கா தெரியும்" என்றார். அதன் பிறகு அட்டையைக் கட்டுவதை விட்டு, அடிக்குள்ளே ஒரு சிவப்பு ஓலையைக் குறுக்கே விட்டு இழைக்கத் தொடங்கினேன். அதைக் கழற்ற வேண்டுமென்றால் பெட்டியையே பிரிக்க வேண்டும்.

விற்பனைக்கு வருவோம். உறுதியாகத் தெரிந்தது பருவம். மாரி கார்த்திகையில் பிடித்தால் தை வரைக்கும் ஓலை காயாது. அரைகுறையாகக் காய்ந்ததை இழைத்தால் இரண்டு கிழமையில் பூஞ்சணம் பூக்கும், சாயம் கரையும். ஆகவே மழைக்கு முன்னமே ஓலையைக் காய வைத்து, வார்ந்து, சுருட்டிக் கட்டி, அடுப்படிப் பரணில் புகை படுகிற இடத்தில் வைத்துவிட வேண்டும். மழைக் காலம் இழைக்கிற காலம், வெயில் காலம் விற்கிற காலம். பாசிக்குடாவுக்கும் அறுகம்பைக்கும் வெளிநாட்டுக்காரர் அதிகமாக வருவதும் சித்திரைக்குப் பிறகு புரட்டாதி வரைக்கும் உள்ள அந்த வெயில் மாதங்களில்தான், அந்த வகையில் காலம் நமக்குத் தோதாக இருக்கிறது. வெளிநாட்டுக்காரர் சாயம் போடாத வெறும் ஓலை நிறத்தைத்தான் எடுப்பார்கள். நம் சனத்துக்குப் பச்சையும் ரோசாவும் பளிச்சென்று இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் சமாளிக்கப் பார்த்து மங்கல் நிறத்தில் செய்தால் ஒருவரும் வாங்கமாட்டார்கள், நான் செய்து பார்த்து நாற்பது பெட்டி வீட்டில் கிடந்தது. இரண்டு வகையாகச் செய்யுங்கள்.

பன்பாய் பற்றியும் ஒரு சொல். உங்கள் அம்மா ஓலைக்காரி என்றாலும், படித்த கண்ணுக்கு அதில்தான் கூடுதலான இடம் இருக்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம். எண்ணம்தான், நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனைப் பக்கத்து முஸ்லிம் பெண்கள் இழைத்த பாய்களில் நிறத்தை வரிசையாகக் கூட்டிக் குறைக்கிற கணக்கு இருக்கிறது. ஒரு பாயைச் சுவரில் தொங்கவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள், நீங்கள் வகுப்பில் படித்த நிறப் பாடம் முழுக்க அதில் இருக்கும். பிளாஸ்டிக் பாய் வந்து அந்த வேலையை அடித்துவிட்டது. தரையில் விரிக்கிற பாயாக அது திரும்பி வரும் என்று நான் நம்பவில்லை. சுவரில், மேசையில், பையில் வரலாம். குளத்தில் பன் வெட்டுவது கஷ்டமான வேலை, அதற்குப் போக இப்போது ஆள் குறைவு என்பதையும் கணக்கில் எடுங்கள்.

எல்லோரும் செய்வதையே செய்ய வேண்டாம் என்று நான் சொல்வதற்கு 2004 டிசம்பர் 26க்குப் பிறகு வந்த வருடங்கள்தான் காரணம். கடல் எடுத்த ஊர்களுக்கு உதவி வந்தது, நல்ல மனதோடுதான் வந்தது. ஆனால் நாவலடியில் கொடுத்த அதே பயிற்சியைத் திருக்கோவிலிலும் கொடுத்தார்கள். எல்லோரும் ஒரே கைப்பை, ஒரே பென்சில் கூடு. ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், என் மாணவிகளிடம் 300 பை கேட்டது. 180 முடிந்திருந்த நேரத்தில் அந்தத் திட்டம் முடிந்துவிட்டது என்று கடிதம் வந்தது. முடிந்ததற்குக் காசு தந்தார்கள், பொய் சொல்லக் கூடாது. வார்ந்து சாயம் போட்டு வைத்த மிச்ச ஓலைக்கு யாரும் ஒன்றும் தரவில்லை. அன்றில் இருந்து பாதிக் காசு முன்பணம் இல்லாமல் பெரிய ஓடர் எடுக்காதே என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். "விற்றால் காசு" என்று சாமானை வைத்துவிட்டுப் போகச் சொல்லும் கடைகளிடம் ஐந்து பெட்டிக்கு மேல் கொடுக்காதீர்கள்.

கடனைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லப் போகிறேன். கைவேலை தொடங்க நுண்கடன் எடுக்க வேண்டாம். கடன் கொடுக்கிற எல்லோரும் மோசம் என்று நான் சொல்லவில்லை. கடனின் தவணை கிழமைக்குக் கிழமை வரும், பெட்டியின் காசு மாதம் கழித்து வரும். இந்த இடைவெளியை அடைக்க இரண்டாவது கடன், அதை அடைக்க மூன்றாவது. மட்டக்களப்பில் எத்தனையோ பெண்கள் இப்படித்தான் மாட்டினார்கள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்து அடைக்க முடியாமல் போன, ஒரு இலட்சம் ரூபாய்க்குள்ளான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஓலைத் தொழிலுக்குப் பெரிய முதல் தேவையில்லை. கத்தி, குத்தூசி, சாயம், ஒரு பெரிய பானை. முதல் ஐந்து பெட்டி விற்ற காசில் அடுத்த கட்டு ஓலையை வாங்கலாம்.

அரச பக்கத்தில் உங்களுக்குப் பிரயோசனமானவை சில இருக்கின்றன. 1982ஆம் ஆண்டின் சட்டத்தில் உருவான தேசிய அருங்கலைகள் பேரவையில் கைப்பணியாளராகப் பதிந்து கொள்ளுங்கள். அவர்கள் நடத்துகிற சில்ப அபிமானிப் போட்டிக்கு ஒரு வருடமாவது அனுப்புங்கள். பரிசு வருவது அடுத்த கதை, மற்ற மாகாணக்காரர் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கக் கிடைக்கும். பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், கண்காட்சிக் கடை ஒதுக்குகிற நேரத்தில் அவரைத் தெரிந்திருப்பது உதவும். இவற்றால் சந்தை கிடைக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். அறிமுகம் கிடைக்கும், அவ்வளவுதான். சான்றிதழ்கள் என் வீட்டுச் சுவரில் எட்டு இருக்கின்றன, கரையான் இரண்டைத் தின்றுவிட்டது.

சரி, வாழ முடியுமா? பெட்டியை மட்டும் நம்பி, தனி ஆளாக, முதல் இரண்டு வருடத்தில் முடியாது. இது நான் கண்ணால் கண்டது. என் மாணவிகளில் இன்றும் இந்த வேலையில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் கூடவே இன்னொன்று இருந்தது: தையல், கோழி, மாலை நேரச் சித்திர வகுப்பு, இப்படி ஏதாவது. நீங்கள் பட்டதாரி, வகுப்பு எடுக்கலாம், அதை வெட்கமாக நினைக்காதீர்கள். நியமனத்துக்காக 2017இல் மட்டக்களப்புக் காந்தி பூங்காவுக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் இருந்ததை நானும் போய்ப் பார்த்தவள், காத்திருக்கிற வலி தெரியும். விண்ணப்பத்தையும் போட்டுக்கொண்டே இருங்கள். மூன்றாம் வருடத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்பது ஆளைப் பொறுத்தது. என்னிடம் படித்த ஒரு பிள்ளை வட்ஸ்அப்பில் படம் போட்டு, கொழும்புக்கும் கண்டிக்கும் பார்சல் அனுப்பி, வருடம் முழுக்க ஓடர் வைத்திருக்கிறாள். அவளைவிட நன்றாக இழைக்கிற இன்னொருத்தி விட்டுவிட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்தால், முதலாமவள் எனக்குக்கூட விலை குறைத்துத் தந்ததில்லை.

வருகிற கிழமையே ஒன்று செய்யுங்கள். அம்மாவை ஒரு பெட்டி இழைக்கச் சொல்லி, பக்கத்தில் கொப்பியோடு இருங்கள். நேரத்தை எழுதுங்கள், எழும்பிப் போகிற ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு உங்கள் ஊரில் கச்சான் பிடுங்கப் போகிற பெண்ணுக்கு என்ன கூலியோ அதைப் போட்டு, ஓலையும் சாயமும் பஸ் காசும் சேர்த்து, வருகிற தொகையைப் பெரிதாக எழுதுங்கள். அம்மா சிரிப்பார், "இந்த விலைக்கு ஆரு மகள் வாங்குவா" என்பார். வாங்குகிற ஆளைத் தேடுவது உங்கள் வேலை. அம்மா மூலை மடக்குகிற இடம் வந்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டு, எத்தனை ஓலையை உள்ளுக்குள் செருகுகிறார் என்று கிட்டப் போய்ப் பாருங்கள்.